மூலம், டிபி, டென்ஷன்: ஒரு குடல் நோய்க்கு நாம் வைத்த பெயர்கள்

"மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்." இந்த நோட்டீஸைப் பார்க்காதவர்கள் எங்க ஊரில் இருக்க முடியாது. செவ்வாய்ப்பேட்டை மண்டிச் சந்துகளில், லைட் கம்பத்தில், பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் என்று எங்கும் ஒட்டியிருக்கும். மலத்தோடு ரத்தம் போனால் மூலம், ஆசனவாய்ப் பக்கத்தில் சீழ் வைத்து ஓட்டை விழுந்தால் பவுத்திரம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இந்த இரண்டு வார்த்தைகளுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் ஒளிந்துகொள்ளத் தெரிந்த நோய்கள் இரண்டு உண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். அதாவது பெருங்குடலின் உள்தோல் முழுக்கப் புண்ணாகி ரத்தம் கசிவது. இன்னொன்று க்ரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும், விட்டு விட்டு, குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் அழற்சி உண்டாவது. பவுத்திரம் க்ரோன் நோயின் முதல் அடையாளமாகவே கூட வரலாம். இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய்கள் என்பார்கள்.

வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு வருஷம் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டார். லேகியம், சூரணம், கருணைக்கிழங்கு எல்லாம் ஆயிற்று. பதினைந்து கிலோ இளைத்த பிறகுதான் யாரோ கொலோனோஸ்கோப்பி பார்க்கச் சொன்னார்கள். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். "ஆட்டோ இம்யூன்னு சொல்றாங்க. என் உடம்பே என்னை அடிக்குதாம். நான் அதுக்கு என்னய்யா பண்ணேன்?" என்று அவர் கேட்ட கேள்விதான் என்னை இந்த ஆராய்ச்சிக்குள் இழுத்துவிட்டது. நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். இது வைத்தியக் குறிப்பும் இல்லை. இந்த நோய்க்கு ஒவ்வொரு காலமும் என்னென்ன பெயர் வைத்தது, "ஆட்டோ இம்யூன்" என்ற பெயர் எப்படி வந்து சேர்ந்தது, அது எவ்வளவு தூரம் உண்மை என்பதன் வரலாறு. படிக்கப் படிக்கத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த நோயின் கதை முழுக்கவே தப்பான ஆளைப் பிடித்து உள்ளே போட்ட கதை.

முதல் பெயர்: விஷம்

நிஜமாகவே ஒரு கொலை வழக்கில் ஆரம்பிக்கிறது. 1859-ல் லண்டனுக்கு அருகே ரிச்மண்டில் இசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண் பல வாரம் பேதியும் வாந்தியுமாகக் கிடந்து இறந்துபோனார். கூட வாழ்ந்த தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்பவர் ஒரு மருத்துவர்; ஏற்கெனவே மனைவி இருக்கும்போதே பேங்க்ஸைக் கல்யாணம் செய்துகொண்டவர். பேங்க்ஸின் உயிலில் சொத்து அவருக்கு. போலீஸுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் காலத்தின் மிகப் பெரிய நச்சியல் நிபுணர் ஆல்ஃப்ரட் ஸ்வெய்ன் டெய்லர் ஒரு மாதிரியில் ஆர்சனிக் இருக்கிறது என்றார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆர்சனிக் பாட்டிலில் இல்லை. டெய்லர் சோதனைக்குப் பயன்படுத்திய செம்புக் கம்பியிலேயே கலந்திருந்தது. எங்க வேலையில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: டெஸ்ட் செய்யும் கருவியிலேயே பக்.

அப்படியும் ஸ்மெதர்ஸ்டுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, வழக்கை மறுபடி ஆராய்ந்து அவருக்கு மன்னிப்புக் கொடுத்தார்கள். இரண்டு கல்யாணம் செய்த குற்றத்துக்காக மட்டும் சிறைக்குப் போனார். இந்த வழக்கில் பேங்க்ஸின் குடலைப் பரிசோதித்து எழுதியவர் சாமுவேல் வில்க்ஸ். பெருங்குடல் முழுக்கப் புண்கள், அழற்சி. அந்த 1859-ஆம் வருஷக் குறிப்பைத்தான் அல்சரேட்டிவ் கோலைட்டிஸின் பிறப்புச் சான்றிதழாகப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. வேடிக்கை என்னவென்றால், சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பாதிக்கப்பட்டிருந்ததால் அது உண்மையில் க்ரோன் நோயாக இருந்திருக்கும் என்று பின்னாளில் படித்தவர்கள் சொன்னார்கள். பிறப்புச் சான்றிதழிலேயே பெயர்க் குழப்பம்.

இரண்டாவது பெயர்: டிபி

1913-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல் ஒரு கட்டுரை எழுதினார். சில நோயாளிகள். குடல் தடித்து, விறைத்து, விலாங்கு மீன் மாதிரி ஆகியிருந்தது. பார்க்க அப்படியே குடல் காசநோய். ஆனால் காசநோய்க் கிருமி எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மாடுகளுக்கு வரும் யோனெஸ் நோய் போலவே இது இருக்கிறதே என்றும் அவர் குறித்து வைத்தார். யோனெஸ் நோயை உண்டாக்குவது காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுக் கிருமி. அந்தச் சந்தேகம் நூறு வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

1932-ல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையிலிருந்து பரில் க்ரோன், லியான் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நோயாளிகளில் பலருக்கு அறுவை செய்தவர் ஏ. ஏ. பெர்க். "நான் எழுதாத கட்டுரையில் என் பெயர் எதற்கு" என்று அவர் ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். மீதி மூன்று பெயரும் அகர வரிசையில் போட்டதில் முதலில் வந்தவர் க்ரோன். நோய் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. பெர்க் சம்மதித்திருந்தால் இன்று இது பெர்க் நோய்.

அவர்கள் செய்த பெரிய வேலை புதுப் பெயர் வைத்தது மட்டும் இல்லை. "இது டிபி இல்லை" என்று தைரியமாகப் பிரித்துக் காட்டியதுதான். டிபி குறைந்துகொண்டிருந்த ஊரில் அது சாத்தியம். டிபி நிறைந்த நம்ம ஊரில் என்ன ஆயிற்று என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது பெயர்: டென்ஷன்

கிருமியும் இல்லை, விஷமும் இல்லை என்றால் யாரைப் பிடிப்பது? நோயாளியையே பிடித்தார்கள். 1930-ல் சிசில் மர்ரே என்ற அமெரிக்க மருத்துவர், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மனப் போராட்டத்தால் வருகிறது என்று எழுதினார். 1950 வாக்கில் சிகாகோவின் ஃப்ரான்ஸ் அலெக்சாண்டர் மனத்தால் வரும் நோய்கள் என்று ஏழைப் பட்டியல் போட்டார். ஆஸ்துமா, ரத்தக் கொதிப்பு, வயிற்றுப்புண், மூட்டுவாதம் ஆகியவற்றோடு அல்சரேட்டிவ் கோலைட்டிஸும் அதில் ஒன்று. இந்த நோயாளிகளுக்கு என்று ஒரு "சுபாவமே" இருப்பதாக அந்தக் காலத்துப் புத்தகங்கள் சொல்லும்: பயந்தவர்கள், அம்மாவைச் சார்ந்தே வாழ்பவர்கள், கோபத்தை உள்ளே அடக்குபவர்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை ரத்தமாகப் போகிற மனுஷன், பஸ்ஸில் ஏறவே பயப்படுகிறவன், எப்படித் தைரியமாக இருப்பான்? விளைவைக் காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். மன அழுத்தம் ஏற்கெனவே இருக்கிற நோயைக் கிளறிவிடலாம். அதை இன்றைய டாக்டர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். அதற்காக அதுவே மூல காரணம் ஆகிவிடாது. "ரொம்ப டென்ஷன் ஆகாதீங்க, காரம் குறைங்க" என்று என் நண்பரிடம் எத்தனை பேர் சொன்னார்களோ! அத்தனை பேரும் தங்களுக்குத் தெரியாமலே 1930-ஐத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூட்டுவலி மாத்திரை வந்த வழி

காரணம் தெரியாமலே மருந்து கிடைத்துவிட்டது. ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவாதத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். கிருமியைக் கொல்லும் சல்ஃபா ஒன்றையும், வலி குறைக்கும் சாலிசிலேட் வகை ஒன்றையும் வேதியியல் முறையில் ஒட்டவைத்தால் மூட்டுக்குப் போய் வேலை செய்யும் என்பது அவர் யோசனை. அப்படிப் பிறந்தது சல்ஃபாசலசீன். மூட்டுவலியோடு குடல் நோயும் இருந்தவர்களுக்கு ரத்தப்போக்கு நின்றதைக் கவனித்து 1942-ல் எழுதினார். 80 வருஷம் தாண்டியும் அந்த மாத்திரை நம்ம மருந்துக்கடையில் கிடைக்கிறது.

ஒட்டவைத்த இரண்டு துண்டில் எது வேலை செய்கிறது? இதைக் கண்டுபிடித்ததில் நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பங்கு உண்டு. 1973-ல் எடின்பரோவில் இருந்த இந்திய வம்சாவளி மருத்துவர் கிரண் தாஸும் சகாக்களும், தலைவலி, குமட்டல் போன்ற பக்கவிளைவுகள் சல்ஃபா துண்டால்தான் வருகின்றன, அதுவும் அந்த மருந்தை மெதுவாகச் சிதைக்கும் உடல்வாகு கொண்டவர்களுக்கு அதிகமாக வருகின்றன என்று காட்டினார்கள். 1977-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வங்கதேசத்து மருத்துவர் ஆசாத் கான், ட்ரூலவ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து ஒரு நேரடிச் சோதனை செய்தார். முழு மருந்து, சல்ஃபா துண்டு, சாலிசிலேட் துண்டு மூன்றையும் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார். சாலிசிலேட் துண்டு வேலை செய்தது. சல்ஃபா துண்டு வெறும் சுமைதூக்கி. இன்று கோலைட்டிஸ்காரர்கள் சாப்பிடும் மெசலமைன் அந்தத் துண்டுதான். என் நண்பரின் மாத்திரை டப்பாவுக்கு ஒரு டாக்கா வழியும் ஒரு கல்கத்தா வாசனையும் இருக்கிறது என்று சொன்னால் அவர் நம்பவில்லை.

அதே ட்ரூலவ், விட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1955-ல் வெளியிட்ட கார்ட்டிசோன் ஆய்வும் முக்கியம். 210 நோயாளிகள். ஸ்டீராய்டு கிடைத்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. கிடைக்காதவர்களில் 16 சதவீதம். ஸ்டீராய்டு கிருமியைக் கொல்லாது, மனசையும் ஆற்றாது. அது நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கும். அப்படியானால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறானா?

நான்காவது பெயர்: ஆட்டோ இம்யூன்

உடம்பு தன்னையே தாக்கும் என்பதை ஒரு காலத்தில் யாரும் ஏற்கவில்லை. 1900 வாக்கில் ஜெர்மனியின் பால் எர்லிக் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தை ஊசி போட்டார். அந்நிய ரத்தத்துக்கு எதிராக ஆன்டிபாடி உண்டானது. தன் சொந்த ரத்தத்துக்கு எதிராக ஒருபோதும் உண்டாகவில்லை. உடம்பு தன்னையே விஷமாக்கிக்கொள்ள அஞ்சுகிறது என்ற பொருளில் அவர் வைத்த லத்தீன் பெயர், ஐம்பது வருஷம் வேதவாக்கு மாதிரி நின்றது. 1904-லேயே விதிவிலக்கு ஒன்றை டோனத்தும் லேண்ட்ஸ்டைனரும் காட்டியும் பெரிதாக எடுபடவில்லை. 1956-ல் லண்டனில் ஐவன் ரோய்ட், டெபோரா டோனியாக் முதலானவர்கள் ஹஷிமோட்டோ தைராய்டு நோயாளிகளின் ரத்தத்தில் சொந்தத் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்த பிறகுதான் அணை உடைந்தது. பிறகு காரணம் தெரியாத நோய் எல்லாவற்றிலும் ஆட்டோ ஆன்டிபாடி தேட ஆரம்பித்தார்கள்.

கோலைட்டிஸில் தேடியவர்கள் ஸ்டாக்ஹோமின் ஓவே ப்ரோபெர்கரும் பீட்டர் பெர்ல்மனும். 1959-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: கோலைட்டிஸ் உள்ள குழந்தைகளின் ரத்தத்தில், மனிதப் பெருங்குடல் திசுவோடு சேர்ந்து வினைபுரியும் ஆன்டிபாடி இருக்கிறது. 1963-ல் அந்நோயாளிகளின் வெள்ளையணுக்கள் பெருங்குடல் செல்களைச் சோதனைக் குழாயிலேயே கொல்வதையும் காட்டினார்கள். நேரில் பார்த்த சாட்சி மாதிரி.

அடுத்து வந்ததுதான் எனக்குப் பிடித்த திருப்பம். பெர்ல்மன் குழு, அந்த ஆன்டிபாடி ஈ. கோலை பாக்டீரியாவின் ஓ14 என்ற வகையோடும் ஒட்டுகிறது என்று கண்டது. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவின் மேல்தோலும், குடல் செல்லில் உள்ள ஏதோ ஒன்றும் பார்க்க ஒரே மாதிரி. ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். வைரஸின் ஒரு துண்டு அடையாளத்தை வைத்துத் தேடுகிற மென்பொருள், அதே துண்டு தற்செயலாக உள்ள சிஸ்டம் ஃபைலையும் அழித்துவிடும். மென்பொருளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. தன் வேலையைத்தான் செய்கிறது, அடையாளம்தான் மோதிவிட்டது.

கிரண் தாஸ் பிறகு அமெரிக்காவில் இதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். நோயாளிகளின் குடலில் ஒட்டிக்கிடக்கும் ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்து, அது எதைப் பிடிக்கிறது என்று தேடினார். 1985-ல் ஒரு புரதத்தைப் பிடித்தார்; 1993-ல் அது ட்ரோப்போமயோசின் குடும்பம் என்று அறிவித்தார். செல்லுக்கு உள்ளே எலும்புக்கூடு மாதிரி தாங்கி நிற்கும் புரதம் அது. அதே அடையாளம் தோல், கண், மூட்டு, பித்த நாளம் ஆகியவற்றிலும் தென்படுவதாக அவர் குழு சொன்னது. கோலைட்டிஸ்காரர்களுக்குக் கண் சிவப்பதும், மூட்டு வீங்குவதும், காலில் கட்டி வருவதும், கல்லீரல் பித்த நாளம் சுருங்குவதும் ஏன் என்பதற்கு அது ஒரு அழகான விளக்கம்.

அழகான விளக்கம் எல்லாம் சரியான விளக்கம் ஆகிவிடுமா?

எலி சொன்ன சாட்சி

ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பது ஒன்று, அதுதான் நோயை உண்டாக்கியது என்பது வேறு. தீப்பிடித்த வீட்டில் எல்லாம் ஃபயர் சர்வீஸ் வண்டி நிற்கிறது என்பதற்காக வண்டிதான் தீ வைத்தது என்று சொல்ல முடியாது. குடல் கிழிந்தால் உள்ளிருக்கும் புரதங்கள் வெளியே சிந்தும். அதற்கு எதிராக ஆன்டிபாடி பின்னால் உண்டாகவும் வாய்ப்பு உண்டு.

1993-ல் ஜெர்மனியில் ஒரு எலியை உருவாக்கினார்கள். நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு பிரேக் போடும் இன்டர்லூகின்-10 என்ற சமிக்ஞை அதற்குக் கிடையாது. அந்த எலிக்குத் தானாகவே குடல் அழற்சி வந்தது. ஆஹா, ஆட்டோ இம்யூன் நிரூபணம் என்று தோன்றும். ஆனால் அதே எலியைப் பிறந்ததிலிருந்து ஒரு பாக்டீரியாகூட இல்லாத கூண்டில் வளர்த்தபோது குடல் அழற்சி வரவில்லை. அதாவது தாக்குதலின் முதல் இலக்கு குடலே இல்லை. குடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். 1995-ல் மனிதர்களிலும் இதை ஒட்டிய முடிவு வந்தது: ஆரோக்கியமான ஒருவரின் நோயெதிர்ப்புச் செல்கள் தன் சொந்தக் குடல் பாக்டீரியாவைச் சும்மா விட்டுவிடுகின்றன, அழற்சி உள்ளவரின் செல்கள் விடுவதில்லை. 2001-ல் க்ரோன் நோயோடு தொடர்புள்ள முதல் மரபணு கிடைத்தது, பெயர் நாட்-2. அது செய்யும் வேலை என்ன? பாக்டீரியா சுவரின் துண்டுகளை மோப்பம் பிடிப்பது.

ஆகவே இன்று கவனமாக எழுதும் மருத்துவர்கள் "ஆட்டோ இம்யூன்" என்று சொல்லாமல், நோயெதிர்ப்பு வழியாக வரும் நோய் என்று சொல்லப் பார்க்கிறார்கள். கோடிக்கணக்கான பாக்டீரியாக் குடித்தனக்காரர்களோடு உடம்பு செய்துகொண்ட சமாதானம் முறிந்துவிட்டது. நடக்கும் சண்டையில் வீட்டுச் சுவர் இடிகிறது. க்ரோன் நோய்க்கு இந்தச் சித்திரம் நன்றாகப் பொருந்துகிறது.

கோலைட்டிஸில் மட்டும் வழக்கு மறுபடி திறந்திருக்கிறது. 2021-ல் கியோட்டோ பல்கலைக்கழகத்தினர், குடல் செல்களை அடித்தளத்தோடு பிடித்து வைக்கும் ஒரு இன்டெக்ரின் புரதத்துக்கு எதிரான ஆட்டோ ஆன்டிபாடி, கோலைட்டிஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இருக்கிறது என்று கண்டார்கள். 2023-ல் அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்து வைத்த ரத்த மாதிரிகளைத் தேடியபோது, நோய் தெரிவதற்குப் பத்து வருஷம் முன்பே சிலரிடம் அது இருந்தது. தீப்பிடிக்கும் முன்பே வண்டி வந்து நின்றிருக்கிறது! ப்ரோபெர்கரும் பெர்ல்மனும் 1959-ல் மோப்பம் பிடித்தது முற்றிலும் வீண் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

லெஸ்டர், லூதியானா, வேலூர்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி" என்பது நீண்ட காலம் நம்பப்பட்ட விஷயம். அதை உடைத்த இடங்களில் ஒன்று இங்கிலாந்தின் லெஸ்டர். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் குஜராத், பஞ்சாபிலிருந்தும் போய்க் குடியேறியவர்கள் நிறைந்த ஊர். 1992-ல் வெளிவந்த ஆய்வுகளில், தெற்காசிய வம்சாவளியினருக்குக் கோலைட்டிஸ் வரும் வேகம் வெள்ளையரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. மரபணு கப்பல் ஏறினால் மாறாது. ஊர்தான் மாறியது.

ஊரிலேயே இருந்தவர்களுக்கு? 2003-ல் லூதியானாவைச் சேர்ந்த அஜித் சூட் குழு வீடு வீடாகப் போய் 51,910 பேரை விசாரித்தது. 23 பேருக்குக் கோலைட்டிஸ். லட்சத்துக்கு 44. வெள்ளைக்காரன் வியாதி என்று சொல்ல இனி இடமில்லை. மரபணுவிலும் நமக்குத் தனிக் கதை. ஐரோப்பியர்களிடம் க்ரோன் நோயோடு சேர்ந்து வரும் நாட்-2 மாற்றங்கள் இந்திய நோயாளிகளிடம் மிக அரிது. ஒரே வாசலுக்கு நாம் வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறோம்.

நம்ம தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு முக்கிய ஊர் வேலூர். 1960-களில் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் ஆராய்ந்தது இதற்கு நேர் எதிரான நோயை. வட ஆற்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோய் போலப் பரவிய ட்ராப்பிக்கல் ஸ்ப்ரூ அது. ஓயாத பேதி, சத்து உறிஞ்ச முடியாத சிறுகுடல், மெலிந்து சாவு. கிருமிகள் நிறைந்த தண்ணீரோடு வாழ்ந்த குடல்களின் நோய். அந்தக் கொள்ளைநோய் காலப்போக்கில் காணாமல் போய்விட்டது. அதே சி.எம்.சி. 2011-ல் க்ரோன் நோயாளிகளின் வாழ்க்கைச் சூழலை மற்றவர்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. வீட்டு வளாகத்தில் மாடு இருந்தவர்களிடம் க்ரோன் குறைவு. பாதுகாப்பான குடிநீர் கிடைத்தவர்களிடம் அதிகம்.

இதைப் படித்தபோது செவ்வாய்ப்பேட்டை வேறு மாதிரி தெரிந்தது. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பேர் பெற்ற இடம் இது. லீ பஜாருக்கு வெல்ல மூட்டையும் தானியமும் மாட்டு வண்டியில் வந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு மாடு, தெருவுக்குத் தெரு சாணம். இன்று மேட்டூர்க் காவிரி குழாயில் வருகிறது, மாடு போய்விட்டது. அதற்காகச் சாக்கடைத் தண்ணீருக்குத் திரும்புங்கள் என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம்! காலராவிலும் பேதியிலும் செத்த குழந்தைகளின் கணக்கை மறந்தவர்கள்தான் அப்படிப் பேச முடியும். ஒப்பீட்டு ஆய்வு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை அல்ல. ஆனால் சின்ன வயதில் கிருமிகளோடு பழகாத நோயெதிர்ப்பு மண்டலம், யாரை விடுவது, யாரை அடிப்பது என்று சரியாகக் கற்றுக்கொள்ளாமல் போகலாம் என்ற ஊகத்துக்கு இது பலம் சேர்க்கிறது.

நம்ம ஊர்ச் சிக்கல்

இப்போது டிபிக்குத் திரும்புவோம். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர். குடல் காசநோயும் க்ரோன் நோயும் ஒரே இடத்தில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் மூலையில், ஒரே மாதிரிப் புண்ணோடு வரும். வயிற்றுவலி, காய்ச்சல், இளைப்பு எல்லாம் ஒன்றே. 1972-லேயே டெல்லி எய்ம்ஸின் எச். டி. டாண்டனும் பிரகாஷும் நுண்ணோக்கியில் இரண்டையும் பிரிப்பது எப்படி என்று எழுதினார்கள். வேலூரின் அன்னா புளிமூட், பயாப்ஸியில் தெரியும் கட்டிகளின் அளவு, எண்ணிக்கை, உருவம் ஆகியவற்றை வைத்துப் பிரிக்கும் அடையாளங்களைக் கொடுத்தார். மேலைநாட்டில் க்ரோனுக்கு உதவும் ஈஸ்ட் ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை, இங்கே டிபியிலிருந்து க்ரோனைப் பிரிக்க உதவுவதில்லை என்பதை 2007-ல் எய்ம்ஸ் ஆய்வு காட்டியது.

இது வெறும் ஆய்வகத் தகராறு இல்லை. க்ரோன் நோயாளிக்கு டிபி மருந்து கொடுத்தால் பல மாதம் வீண். அதற்குள் குடல் சுருங்கி ஆபரேஷன் வரை போகலாம். டிபி நோயாளிக்கு க்ரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் டிபி உடம்பெல்லாம் பரவும். 1998-ல் அமெரிக்காவில் க்ரோன் நோய்க்கு அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் ஊசி இந்த ஆபத்தை இன்னும் கூர்மையாக்கியது. அது டிஎன்எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞையை அடைக்கும். க்ரோன் புண் ஆறும். ஆனால் நுரையீரலில் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி கட்டி வைத்திருப்பதும் அதே டிஎன்எஃப்தான். 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஊசிக்குப் பிறகு டிபி வந்த 70 பேரைப் பட்டியலிட்டது. எனவேதான் ஊசிக்கு முன்னால் டிபி பரிசோதனை கட்டாயம்.

நம் மருத்துவர்கள் கண்ட நடைமுறை வழி ஒன்று உண்டு. பிரிக்கவே முடியாதபோது முதலில் டிபி மருந்து கொடுத்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோப்பி பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் டிபி. ஆறவில்லை என்றால் க்ரோன் என்று வழி மாற்றுவார்கள். வலி குறைந்ததை மட்டும் நம்பக் கூடாது. டிபி மருந்தில் க்ரோன்காரர்களுக்கும் சில நாள் சுகமாகத் தோன்றும். ஆக, "கொஞ்சம் பரவால்ல" என்று அந்த இரண்டாவது கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடுவதுதான் இங்கே மிகப் பெரிய ஆபத்து.

சரி, நண்பரின் கேள்விக்குப் பதில் என்ன? அவர் ஒன்றும் பண்ணவில்லை. காரக்குழம்பும் இல்லை, டென்ஷனும் இல்லை, பாவ புண்ணியமும் இல்லை. மரபணு, குடல் பாக்டீரியா, வளர்ந்த சூழல், நோயெதிர்ப்பு மண்டலம் என நான்கும் சேர்ந்து ஒரு இடத்தில் மோதியிருக்கின்றன. எந்த ஒன்றைத் தனியாகக் கூண்டில் ஏற்றினாலும் வழக்கு நிற்காது. "உடம்பே உடம்பை அடிக்கிறது" என்பது பாதி உண்மை. அதைக் கேட்டுவிட்டு "அப்படின்னா எதிர்ப்புச் சக்தியை ஏத்தணும்" என்று கஷாயப் பொடி வாங்குவதும், வீக்கம் அடங்கியதும் மாத்திரையை நிறுத்துவதும்தான் கவலை தருகிறது. இங்கே எதிர்ப்புச் சக்தி குறைவு இல்லை, நிதானம்தான் குறைவு. புண் ஆறிய பிறகும் மருந்து தொடர்வது அந்த நிதானத்தைக் காப்பாற்றத்தான்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலத்தில் ரத்தமோ சளியோ சில வாரங்களுக்கு மேல் வந்தால், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், பவுத்திரம் திரும்பத் திரும்ப வந்தால், வைத்த பெயரோடு திருப்தி அடையாதீர்கள். குடல் மருத்துவர் ஒருவரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்த பதிவில் பேக்கரும் மாத்தனும் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூவைத் துரத்திய கதையைத் தனியாக எழுதலாம் என்று இருக்கிறேன். உங்கள் தாத்தா பாட்டி யாராவது அந்த "பேதிக் காலம்" பற்றிச் சொல்லியிருந்தால் எழுதி அனுப்புங்கள்.